மைக் ஊமையானால் எங்கே பார்ப்பது?

கணினியில் பேசுவது எதிர்முனையில் கேட்கவில்லை என்றதும் புது ஹெட்செட் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். கோளாறு பெரும்பாலும் செட்டிங்ஸுக்குள்தான் இருக்கும். விண்டோஸ் 11-இல் சிஸ்டம், சவுண்ட் என்று போனால், இன்புட் என்ற பகுதியில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்பது தெரியும். வெப்கேமராவையோ புளூடூத் ஹெட்செட்டையோ இணைத்தபோது அது நமக்குத் தெரியாமலே மாறியிருக்கலாம். பேசப் பேச அங்குள்ள ஒலியளவுக் கோடு அசைந்தும் மீட்டிங்கில் குரல் போகவில்லையென்றால், மைக் நன்றாகவே இருக்கிறது, பெரும்பாலும் அனுமதி இல்லாமல் இருக்கலாம். பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் பக்கத்தைத் திறந்து, டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனியாக உள்ள சுவிட்சையும் பாருங்கள் (பலர் அதுவரை கீழே இறங்குவதே இல்லை). பிரவுசரில் பேசுபவர்கள், முகவரிப் பட்டையின் ஓரத்தில் அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி தந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கோடு அசையவே இல்லையென்றால், ஹெட்செட் வயரில் உள்ள மியூட் பொத்தானையும் லேப்டாப் கீபோர்டில் மைக் படம் போட்ட பொத்தானையும் கவனியுங்கள். செல்போன் ஹெட்செட்டை மேசைக் கணினியில் செருகுபவர்களுக்கு வேறொரு சிக்கல்: அதன் 3.5 மி.மீ. பின்னில் மூன்று கருப்பு வளையங்கள் இருந்தால், கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் அந்த மைக் வேலை செய்யாது. ஒலிக்கும் மைக்குக்கும் தனித்தனி வயராகப் பிரியும் ஸ்பிளிட்டர் ஒன்று போதும்.