பார்த்த நாடுகளும் வாழ்ந்த நாடுகளும்

ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் வரையறைகள் எல்லை கடந்து செல்வோரை ஓராண்டு என்னும் கோட்டை வைத்துப் பிரிக்கின்றன. வழக்கமாக வசிக்கும் நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்கே யாரிடமும் வேலைக்குச் சேராமல், ஓராண்டுக்குள் திரும்பிவிடுபவர் பயணி. குறைந்தது ஓராண்டேனும் வேறொரு நாட்டைத் தம் வசிப்பிடமாக்கிக்கொள்பவர் நீண்டகாலப் புலம்பெயர்ந்தவர். 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் பதிவான சர்வதேசச் சுற்றுலா வருகைகள் ஏறத்தாழ 140 கோடி. அதே ஆண்டில் புலம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் 30.4 கோடி, அதாவது உலக மக்கள்தொகையில் நூற்றுக்கு நால்வரைவிடக் குறைவு. இந்த இரண்டு கூட்டத்திலும் நான் இருந்திருக்கிறேன். சில ஆண்டுகள் ஜெர்மனியிலும், பிறகு ஜப்பானிலும் வசித்தேன். அதற்கு முன்னும் பின்னும் கிடைத்த விடுமுறைகளில் எல்லாம் பயணம் செய்தேன். இரண்டையும் சேர்த்து 'வெளிநாட்டு அனுபவம்' என்று ஒரே பெயரில் அழைப்பது இப்போது எனக்குச் சரியாகப் படவில்லை.

பயணத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவுக்குள் முதன்முறை நுழைந்தபோது ஏற்பட்ட சிலிர்ப்பு இன்றும் எனக்குள் இருக்கிறது. 537இல் தேவாலயமாகத் திறக்கப்பட்டு, 1453க்குப் பின் பள்ளிவாசலாகி, 20ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலான அந்தக் கட்டடத்தைப் பற்றி எவ்வளவு படித்திருந்தாலும், அந்தக் குவிமாடத்தின் கீழ் நின்று தலையுயர்த்திப் பார்க்கும்போது கிடைக்கும் உணர்வு படிப்பினால் வருவதில்லை. அன்று மாலையே பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து ஐரோப்பியக் கரையிலிருந்து ஆசியக் கரைக்குச் செல்லும் படகில் ஏறினேன். நான் மேல்தளத்தில் நின்று இரு கரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் கண்களை மூடியபடியும் கைப்பேசியில் ஆழ்ந்தபடியும் உள்ளே அமர்ந்திருந்தார்கள். அந்தப் படகு அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் எனக்கு அது கடலை இன்னும் சற்று நேரம் பார்க்கும் வாய்ப்பு. அவர்களுக்கோ வீட்டில் காத்திருக்கும் குழந்தை, தவறிப்போகும் அடுத்த பேருந்து, மறுநாள் அதிகாலையில் எழ வேண்டிய உடலின் களைப்பு. ஒரு நகரத்தை அறிவது எதனால் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தப் படகுதான் நினைவுக்கு வருகிறது. நமக்கு ஒரு தேவை ஏற்பட்டு, அதை அந்த நகரம் நிறைவேற்றித் தர வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் அது தன் உண்மையான இயல்பைக் காட்டத் தொடங்குகிறது என்பதே, இத்தனை ஆண்டுகளில் நான் உறுதியாக நம்பத் தொடங்கியிருக்கும் ஒன்று.

குடியேறுபவரின் முதல் தேவை பெரும்பாலும் ஒரு காகிதம். ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரங்களுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ஜப்பானிலும் குடிபுகுந்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். சுற்றுலா வழிகாட்டிகள் எதிலும் இடம்பெறாத இந்தச் சிறு நடைமுறையில்தான் வெளிநாட்டு வாழ்க்கை தொடங்குகிறது. வங்கிக் கணக்கு இல்லாமல் வாடகைக்கு வீடு கிடைப்பது கடினம். வீட்டு முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு கிடைப்பது கடினம். இரண்டும் இல்லாதபோது கைப்பேசி இணைப்புக்கே மன்றாட வேண்டியிருக்கும். புதிதாகக் குடியேறியவர்கள் அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் இந்த வட்டத்துக்குள் சிக்கியிருப்பார்கள். அதை உடைப்பது பெரும்பாலும் சட்டமோ விதியோ அல்ல, இரக்கமுள்ள ஒரு மனிதர்தான். எனக்கு அப்படி வாய்த்தவர் அலுவலக முகப்பில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி. வரிசை நீண்டிருந்தபோதும், நான் தவறாக நிரப்பியிருந்த படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் சுட்டிக்காட்டி விளக்கினார். ஜெர்மானியர்களின் பொறுமையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது; அந்தப் பெண்மணியின் பொறுமையை நான் நன்றாக அறிவேன். ஒரு நாட்டு மக்கள் இப்படித்தான் என்று பொதுவாகச் சொல்லும் பழக்கம் அந்த அலுவலகத்தில்தான் என்னைவிட்டுப் போயிற்று.

மொழியில் இந்தத் தேவை இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்டது. ஜெர்மனியில் நிரந்தர வசிப்பிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் பொதுவாக அதில் மூன்றாவது படியான பி1 கேட்கப்படுகிறது. பயணிக்கு முதல் படியே தாராளம்: வணக்கம், நன்றி, எவ்வளவு, எங்கே. அதைக்கொண்டு ஒரு கண்டத்தையே சுற்றி வரலாம், உள்ளூர் மக்களின் புன்னகையையும் சம்பாதிக்கலாம். ஆனால் மூன்றாவது படியின் சான்றிதழைக் கையில் வைத்திருந்த நான், ஒருநாள் வயிற்று வலியோடு மருத்துவரின் முன் அமர்ந்தபோது பேச்சற்றுப் போனேன். எரிகிறதா, குத்துகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, முதுகுப் பக்கம் பரவுகிறதா என்று அவர் அடுக்கிய கேள்விகளுக்கு என்னால் கையை வைத்துக் காட்டத்தான் முடிந்தது. மருத்துவர் கனிவானவர், தாளில் ஒரு உடலை வரைந்து, என்னிடம் பேனாவைக் கொடுத்தார். சிகிச்சை சரியாகவே நடந்தது. என்றாலும், தன் சொந்த வலியைச் சொல்ல முடியாத ஒருவன், எவ்வளவு படித்தவனாக இருந்தாலும், அந்த அறையில் ஒரு குழந்தையின் நிலைக்குத்தான் இறங்குகிறான். தொலைபேசி இதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே கைகளும் முகமும் உதவிக்கு வருவதில்லை. ஜப்பானில் இந்தச் சிரமம் பன்மடங்கானது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர்கள் ஜப்பானிய மொழியில் பணிக்குரிய தேர்ச்சி பெற ஏறக்குறைய 2,200 மணி நேர வகுப்புகள் தேவை என்று கணக்கிட்டிருக்கிறது. வேலைக்குச் சென்றுகொண்டே மாலை வகுப்புகளில் படிக்கும் ஒருவருக்கு அது எத்தனை ஆண்டுகள் என்பதை எண்ணிப் பார்த்தால், 'பத்து வருடம் இருந்தும் மொழி கற்கவில்லையே' என்று புலம்பெயர்ந்தோரைக் குற்றம் சொல்வதில் உள்ள அவசரம் புரியும்.

1955இல் சிவெர்ரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவில் உதவித்தொகை பெற்றுத் தங்கியிருந்த நோர்வே நாட்டவர் ஏறத்தாழ 200 பேரை ஆராய்ந்து, ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகப் பொருந்திப்போயிருந்ததாகவும், இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் தடுமாறியதாகவும் எழுதினார். முதலில் இறங்கிப் பின் ஏறும் இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள்; அதுவும் நியாயமே. ஆனால் என் வாழ்க்கையில் அது ஏறக்குறைய அப்படியே நிகழ்ந்தது. முதல் சில மாதங்களின் வியப்பு தீர்ந்த நேரத்தில் பெர்லினில் குளிர்காலம் வந்தது. டிசம்பர் பிற்பாதியில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. மேகமூட்டத்தில் அந்தப் பகலும் மாலை போலவே தோன்றும். இருட்டில் வேலைக்குச் சென்று இருட்டில் திரும்பும் நாட்களில், எதற்காக இங்கே வந்தோம் என்ற கேள்வி தினமும் எழுந்தது. அதே நகரத்தில் ஜூன் மாதப் பகல் பதினேழு மணி நேரத்தை நெருங்குகிறது. பூங்காக்களின் புல்வெளியில் இரவு ஒன்பது மணிக்கும் மக்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு அமர்ந்திருப்பார்கள். கோடையில் மட்டும் வந்து செல்லும் பயணி, அவர்கள் ஏன் வெயிலை இப்படி விடாமல் பற்றிக்கொள்கிறார்கள் என்று வியப்பார். ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

இவ்வளவையும் எழுதும்போது, பயணமும் குடியேற்றமும் எனக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையோடு வந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே எல்லை கடக்க முடிந்தது. 1920இல் பாரிசில், ஐக்கிய நாடுகள் அவைக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் கூட்டிய மாநாடுதான் 32 பக்கங்கள் கொண்ட ஒரு பொது வடிவத்தைக் கடவுச்சீட்டுக்குப் பரிந்துரைத்தது. இன்று அதே அளவுள்ள இரண்டு கடவுச்சீட்டுகளில் ஒன்று பல நாடுகளின் கதவைத் தட்டாமலே திறக்கிறது. மற்றொன்று வங்கிக் கணக்கு விவரம், முதலாளியின் கடிதம், திரும்பிச் செல்வதற்கான ஆதாரம் என்று ஒவ்வொரு முறையும் தன்னை நிரூபிக்கச் சொல்கிறது. தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனையைக் கைவிட்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதி இப்போது 29 நாடுகளாக விரிந்திருக்கிறது; அதற்குள் ஓர் எல்லையைக் கடந்ததைப் பெரும்பாலும் சாலையோரப் பலகையைப் பார்த்துத்தான் அறிய முடிகிறது. அந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து குறுகிய காலத்துக்கு வருபவரோ எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கிவிடாமல் விரல்விட்டு எண்ண வேண்டும். கடவுச்சீட்டே இல்லாதவர்களின் நிலை வேறு. நாடிழந்த அகதிகளுக்காக நோர்வே நாட்டின் துருவ ஆய்வாளர் பிரிட்ஜோஃப் நான்சென் 1922இல் ஏற்படுத்திய பயண ஆவணம் ஏறத்தாழ நான்கரை லட்சம் பேருக்கு வழங்கப்பட்டது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அதை வைத்திருந்தவர்களே. உலகம் சுற்றுவது மனதை விரிவாக்கும் என்று பேசுகிற நாம், யாருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசியாக வேண்டும். நண்பர்கள் குழுவாகத் திட்டமிட்ட ஒரு பயணத்தில், உடன் வரவிருந்த ஒருவருக்கு மட்டும் விசா மறுக்கப்பட்டது. அவர் எங்களை வற்புறுத்தி அனுப்பி வைத்தார். சென்ற இடம் அழகானது. அந்தப் பயணத்தை நான் மகிழ்ச்சியோடு நினைத்துப் பார்த்ததே இல்லை.

வெளிநாட்டு வாழ்வின் மிகக் கனமான பகுதி, நாம் இல்லாமலே பிறந்த வீட்டில் நடந்துகொண்டிருக்கும் காலம். மார்ச் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்படும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே வரும். கடிகாரத்தை மாற்றாத நாட்டில் இருக்கும் பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. வழக்கமான நேரத்தில் தொலைபேசியை அருகில் வைத்துக்கொண்டு காத்திருந்துவிட்டு, 'இன்று ஏன் தாமதம்?' என்று கேட்பார்கள். வாரந்தோறும் திரையில் பார்க்கும் முகத்தில் முதுமை தெரிவதில்லை. நேரில் சென்று, அப்பா மாடிப்படியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்தபோதுதான் எத்தனை ஆண்டுகள் கடந்திருக்கின்றன என்பது எனக்கு உறைத்தது. அலைபேசியில் அவர் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளையைக் கவலைப்படுத்தக் கூடாது என்று அவர்களும், அவர்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்று நானும் நல்ல செய்திகளை மட்டுமே பரிமாறிக்கொண்டு வந்திருக்கிறோம்.

திரும்பி வந்த பின் நேர்ந்த தடுமாற்றம் நான் எதிர்பாராதது. ஜான் கல்லாஹார்ன், ஜீன் கல்லாஹார்ன் என்னும் ஆய்வாளர்கள் இருவர் 1963இல், தாய்நாடு திரும்புபவருக்கும் வெளிநாட்டில் நேர்ந்த அதே சரிவும் ஏற்றமும் மறுபடி ஒருமுறை நிகழ்வதாக எழுதினார்கள். அங்கே அந்நியனாக இருந்ததற்கு எல்லோரும் சலுகை தந்தார்கள். இங்கே நான் அந்நியமாக உணர்வதை யாரும் நம்பக்கூட இல்லை.

இப்போது என் பயணங்களும் மாறியிருக்கின்றன. ஒரு விடுமுறையில் நான்கு நாடுகளைத் தொட்டுவிட்டு வரும் ஆசை போய்விட்டது. ஒரே நகரத்தில் இயன்றவரை அதிக நாட்கள் தங்கி, நூலகத்தில் அமர்ந்து, நகரப் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை சென்று, அந்த ஊரிடம் எனக்கு ஏதாவது தேவைப்படும் சூழலை நானே உண்டாக்கிக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு மாலை, இங்கே புதிதாகக் குடியேறியிருக்கும் வெளிநாட்டவர் சிலருக்கு நம் மொழியைக் கற்றுக்கொடுக்கிறேன். பாடநூல்கள் வணக்கத்திலும் கடைவீதியிலும் தொடங்குகின்றன. நான் மருத்துவரின் அறையிலும் அரசு அலுவலகத்தின் முகப்பிலும் தொடங்குகிறேன். சென்ற வாரம் எங்கே வலிக்கிறது என்று சொல்வதைப் பழகினோம். வரும் வாரம், எப்படி வலிக்கிறது என்பதை.