மதர்போர்டு மாற்றியதும் சர்வர் நெட்வொர்க்கில் காணாமல் போனது

வீட்டுச் சர்வரில் ஐப்பசி இடியில் போன மதர்போர்டுக்குப் பதிலாகப் புனலூர்க் கடையொன்றில் பழைய போர்டு கிடைத்தது. நேற்று ராத்திரி செங்கோட்டை வீட்டில் அதை மாட்டி, பழைய டிஸ்க்கையே செருகி ஆன் செய்தேன். அதிலிருந்த டெபியன் லினக்ஸ் ஒழுங்காக ஏறிவிட்டது, ஆனால் சர்வர் இருக்கிறதா என்று லேப்டாப்பிலிருந்து பிங் செய்தால் பதிலே இல்லை.

சித்தப்பா எடுத்த ரயில் படங்கள் முழுக்க இந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. 2010-இல் செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் ரயில் நிற்பதற்கு முன்னால் ஆரியங்காவு, தென்மலை, பதிமூன்று கண் பாலம் என்று அலைந்து பிலிமில் எடுத்தவை. ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றினேன். "ஏல, படமெல்லாம் இருக்கா?" என்று வாசலில் நின்றே கேட்டார். "டிஸ்க் நல்லா இருக்கு சித்தப்பா, லைன்தான் கிடைக்கல" என்றேன்.

லான் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது, அதனால் கேபிளைச் சந்தேகப்படவில்லை. மானிட்டரை மாட்டி, நெட்வொர்க் கார்டுகளைப் பட்டியலிடும் 'ஐபி ஏ' கட்டளையை அடித்துப் பார்த்தால் கார்டின் பெயர் இஎன்பி2எஸ்0. ஈடிசி அடைவில் நெட்வொர்க்கின் கீழ் உள்ள இன்டர்ஃபேசஸ் கோப்பில் நான் எழுதி வைத்திருந்ததோ இஎன்பி3எஸ்0. இஎன் என்றால் ஈதர்நெட், பி-க்குப் பின் வருவது பிசிஐ பஸ் (போர்டில் கார்டுகளை இணைக்கும் பாதை) எண், எஸ்-க்குப் பின் வருவது ஸ்லாட். அதாவது அந்தப் பெயர் கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்கிறது, கார்டை அல்ல. போர்டு மாறினால் மட்டுமில்லை, பக்கத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு செருகினாலே சில நேரம் பஸ் எண் நகர்ந்து பெயர் மாறிவிடும்.

கோப்பில் பெயரைத் திருத்தி இன்டர்ஃபேஸை எழுப்பினேன். இணைப்பு வந்தது, ஆனால் ஐபி முகவரி வழக்கமான 192.168.1.10-க்குப் பதில் 192.168.1.23. காரணம் ரவுட்டரில்: 10-ஐ நான் பழைய போர்டின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒதுக்கி வைத்திருந்தேன், புதுப் போர்டுக்கு மேக் வேறு. பழைய ஒதுக்கீட்டை அழித்துவிட்டுப் புது மேக்கைப் போட்டு ரீபூட் செய்ததும் 10 திரும்பி வந்தது.

அத்தோடு விட மனம் வரவில்லை. அடுத்த முறையும் பெயர் மாறுமே. சிஸ்டம்டி நெட்வொர்க் அடைவில் ஒரு லிங்க் கோப்பு எழுதினேன்: இந்த மேக் உள்ள கார்டுக்கு லான்0 என்று பெயர் வை, அவ்வளவுதான். ஈடிஎச்0 என்று வைக்காதீர்கள், கெர்னல் தானாகக் கொடுக்கும் பெயரோடு மோதும். இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் லான்0 என்று மாற்றிவிட்டு, மறக்காமல் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' ஓட்டினேன். பூட் ஆகும்போது ஆரம்பத்திலேயே பெயர் வைக்கப்படுவதால், அப்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பிலும் இந்தக் கோப்பு போய்ச் சேர வேண்டும். இரண்டு தரம் ரீபூட் செய்து பார்த்தேன், லான்0 மாறவில்லை. இனி போர்டு மாறினால் லிங்க் கோப்பிலும் ரவுட்டரிலும் மேக்கை மாற்றி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' மறுபடி ஓட்டினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்.

காலையில் சித்தப்பா தன் போனில் பதிமூன்று கண் பாலத்தைத் திறந்து, பெரிதாக்கி, எஞ்சின் புகையை எனக்குக் காட்டினார். ஐப்பசி இன்னும் முடியவில்லை, இன்று சாயங்காலம் எர்த்திங் பார்க்க எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன்.