சேர் தைத்த இரண்டு பொத்தான்கள்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்தபோது நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு வாடகைச் சேமிப்பறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். நத்தார், அதாவது கிறிஸ்மஸ் சோடனைப் பெட்டியைத் தேடிப் போயிருந்தேன். வீட்டின் நிலவறை நிரம்பிவிட்டது என்று ஏழு வருடத்துக்கு முன் எடுத்த அறை அது. போனில் நம் வகுப்புக் குழுவின் செய்தி: சேர் இன்று காலை காலமானார், நாளை பின்னேரம் அடக்கம். சுற்றிவரப் பெட்டிகள். பாவிக்காத தொலைக்காட்சி, மகள் வளர்ந்து விட்டுப்போன சைக்கிள், ஒருநாளும் நெருப்பு மூட்டாத அடுப்பு. அதுகளுக்கு நடுவில் நின்று சேருக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்து பனிக்குள் நின்றுதான் சொன்னேன்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. நம்மவர்களுக்குத் தெரியும். பெயர் எழுதுவது அவருக்குப் பிடிக்காது என்பதும் தெரியும்.

மலர்க் குழுவினர் இரண்டு மாதமாக நத்தார் இதழுக்குக் கட்டுரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். திருகோணமலையில் கோட்டைக்குள் மான்களுக்குப் பாண் போட்டது, மாதா கெபி முன்னால் வரிசையில் நின்றது, மழைக்குள் கரோல் பாடப் போய் டொக்யார்ட் வீதியில் நனைந்தது, இதையெல்லாம் எழுதலாம் என்றிருந்தேன். இப்போது பேனையை எடுத்தால் ஒரு சட்டைதான் நினைவுக்கு வருகிறது.

1978 நவம்பர் 23. சூறாவளியின் பெரிய அடி மட்டக்களப்புக்குத்தான். அப்போது நாமும் அவர்களும் ஒரே மறைமாவட்டம், 2012இல்தான் பிரிந்தது. அதனால் அங்கே கூரை போனது நமக்கு வேறு ஊர்ச் செய்தியாகப் படவில்லை. பள்ளிக்கூடத்து நத்தார் ஒளிவிழாவுக்கு முன் ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும், லொறியில் அனுப்பப் போகிறோம் என்றார் சேர். அப்பாவுக்குப் புடவைக்கடை. கடை நிறையப் புதுத்துணி. நான் அலுமாரியைத் திறந்து, எனக்கு இறுக்கமாகிப்போன ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். கழுத்துப்பட்டி நைந்திருந்தது. இரண்டு பொத்தான் இல்லை.

சேர் அதை இரண்டு விரலால் தூக்கி வகுப்புக்குக் காட்டினார்.

"இதை நத்தார்ப் பூசைக்கு நீ போடுவியா, தம்பி?"

வகுப்பு சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அடுத்து வந்தவன் கடற்கரைப் பக்கத்துப் பையன். காலில் செருப்பில்லாமல் வருபவன். தென்னங்கயிற்றால் சுற்றிக் கட்டிய ஒரு புதுப் பன்பாயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். அவனுடைய அம்மா இழைத்து விற்கிற பாய். அதைப் பார்த்தும் சிலர் சிரித்தார்கள்.

"ஏன் பாய்?" என்று கேட்டார் சேர்.

"கூரை இல்லாத வீட்டில நிலம் ஈரமாயிருக்கும் சேர். சின்னப்பிள்ளையளை எங்க படுக்கப் போடுறது?"

சேர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "இவன் அங்க போய்ப் பாத்திட்டு வந்திருக்கிறான். நீ உன்ர அலுமாரியைத்தான் பாத்திருக்கிறாய்."

அந்த வசனத்தை நான் 40 வருடத்துக்கு மேலாகச் சுமக்கிறேன். ஒரு பிள்ளையை வகுப்பு முன்னால் அப்படி நிறுத்தியது பிழை என்றே இன்றும் நினைக்கிறேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், ஆசிரியர் அறையில் யன்னலோரம் என் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். மேசையில் நூற்கட்டை, ஒரு ஊசி, வெள்ளைப் பொத்தான் இரண்டு. அந்தப் பொத்தான்கள் அவருடைய சொந்தச் சட்டையின் கீழ்ப் பக்கத்திலிருந்து வெட்டியவை. வேட்டிக்குள் மறைகிற இடம். "கண் தெரியுதில்லை. கோத்துத் தா" என்றார். மழை இருட்டு. நூல் முனையை வாயில் ஈரமாக்கி நாலைந்து தரம் முயன்று கோத்துக் கொடுத்தேன். ஊசியின் காதில் ஒட்டகம் நுழைகிற கதையை அவர் அன்று சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லவில்லை. பொத்தானைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை மடித்து என் கையில் தந்து, "நீயே பெட்டிக்குள்ள வை" என்றார்.

வீட்டில் சொன்னதும் அப்பா ஒரு முழுச் சீத்தைத் துணிக் கட்டு தந்தார். அப்பா கைவிரிந்த மனிதர். ஆனால் பெட்டியின் மேல் கடைப் பெயரைப் பெரிதாக எழுதி அனுப்பினார். சேர் அதை இரண்டு கையாலும் வாங்கி, பெயர் எழுதிய பக்கம் நிலத்தைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தார். அடுத்த மறைக்கல்வி வகுப்பில்தான் காரணம் புரிந்தது. புனித இஞ்ஞாசியார் தம்முடைய ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலில் எதிரியின், அதாவது சாத்தானின் தந்திரத்தை மூன்று படியாகச் சொல்கிறார்: முதலில் செல்வத்தில் ஆசை, அதிலிருந்து உலகப் புகழ், அதிலிருந்து அகங்காரம். பிறகு சேர் தமிழ் வாத்தியாராகி, எதிலிருந்து எதிலிருந்து ஒருவன் நீங்குகிறானோ அதனால் அவனுக்கு நோவு இல்லை என்கிற குறளுக்குப் போனார். இரண்டும் ஒரே விடுதலையைத்தான் சொல்லுகிறது என்றார்.

பாலன் இயேசுவுடைய ஏழ்மையைச் சோடனையாக ஆக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. குடிலுக்கு மினுமினுப்பு விளக்குப் போட நாங்கள் கேட்டபோது விடவில்லை. பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சியோவில் குடில் அமைத்தது, அந்தக் குழந்தை பட்ட கஷ்டத்தை மனிதர் கண்ணால் காண வேண்டும் என்றுதான் என்பார். லூக்கா நற்செய்தியில் ஒரு வரியை எடுத்துக் காட்டுவார்: பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது யோசேப்பும் மரியாளும் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு சோடிப் புறா, அல்லது இரண்டு புறாக் குஞ்சு. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்கு மோசேயின் சட்டம் விட்டுக்கொடுத்த காணிக்கை அது. "கையில காசில்லை எண்டு எழுதியிருக்கு, வாசியுங்கோ" என்பார். அந்தப் பையன் கேட்ட கேள்வியும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. பிள்ளையைத் துணியில் சுற்றியாயிற்று, எங்கே படுக்கப் போடுவது? தீவனத் தொட்டியில் கிடத்தினாள். இதை நான் கண்டுபிடிக்க எத்தனையோ நத்தார் போனது.

சரி, கண்டுபிடித்து என்ன செய்தேன்? 2004 நத்தாருக்கு மறுநாள் கடல் வந்தது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று பெயர் பெயராகச் செய்தியில் கேட்டு அழுதேன். அன்றிரவே வீட்டில் உடுப்புக் கட்டினேன். மூன்றாவது பெட்டியை ஒட்டும்போது மனைவி கேட்டாள், "குளிர் ஜாக்கெற்றை அங்க ஆர் போடுறது?" திறந்து பார்த்தேன். திரும்பவும் அலுமாரியைத்தான் பார்த்திருந்தேன்.

ஜனவரியில் சேருக்குப் போன் எடுத்தேன். அவர் முகாம்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். எவ்வளவு காசு அனுப்ப என்று கேட்டேன். "அனுப்பு, தேவைதான்" என்றார். பிறகு, "ஏலுமெண்டா ஒருக்கா வந்திட்டுப் போ, தம்பி. சனத்தோட ஒரு கிழமை இரு" என்றார். லீவு இல்லை, வீட்டுக் கடன், வேலையில் புது ஒப்பந்தம் என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவர் குறை சொல்லவில்லை. "சரி ராசா" என்றார். காசு அனுப்பினேன். போகவில்லை. பிறகு இரண்டு தரம் ஊருக்குப் போனேன், கலியாணத்துக்கு ஒருக்கா, காணி உறுதிக்கு ஒருக்கா. இரண்டு தரமும் சேரை வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே வந்து இருக்கச் சொன்னார். வான் காத்துக்கொண்டு நின்றது.

நல்ல உத்தியோகத்துக்காகத்தான் ஊரை விட்டேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். 1985இல் நம் ஊர் இருந்த நிலையில் உயிருக்காகவும்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் வந்த இடத்தில் பெட்டிக்கு மேல் பெட்டியாக அடுக்கி, அதற்கு மாத வாடகையும் கட்டி, ஒரு கிழமை எடுத்துக்கொண்டு போய் இருக்க முடியாத மனிதனாக எப்படி ஆனேன் என்று இந்த நத்தாரில் யோசிக்கிறேன். பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனின் உவமையை சேர் வகுப்பில் வாசித்த குரல் காதுக்குள் இருக்கிறது.

சேமிப்பறையை இந்த மாதத்தோடு விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பெப்ரவரியில் ஊருக்கு மூன்று கிழமை. சேரின் கல்லறைக்குப் போவேன்.

பாய் கொண்டுவந்தவனையும் பார்க்க வேண்டும். 1990க்குப் பிறகு அவனைப் பற்றி நம் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூதூர்ப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், இந்தியாவுக்குப் படகேறியதாக இன்னொருவர். இதை வாசிப்பவர்களில் யாருக்காவது தெரிந்தால், மலர்க் குழு மூலமாக எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.