எண்ணிப் பார்க்கிற வேலை

எங்கள் கடையில் ஒரு பழைய புத்தகம் மேஜைக்கு வந்தால் முதலில் யாரும் அதைப் படிப்பதில்லை. எண்ணுவோம். பக்க எண் விடாமல் ஓடுகிறதா, படம் இருக்க வேண்டிய இடத்தில் படம் இருக்கிறதா, பாரம் எண் சரியாக விழுந்திருக்கிறதா என்று தாள் தாளாகப் பார்க்க வேண்டும். பெரிய புத்தகம் என்றால் ஒரு பகல் போய்விடும். மும்பை ஃபோர்ட் பகுதியில் அரிய நூல் வாங்கி விற்கிற ஒருவரிடம் விவரப் பட்டியல் எழுதுகிறவனாக இருக்கிறேன். பி.காம் படித்துவிட்டுக் கணக்கெழுதத்தான் சேர்ந்தேன். தமிழும் வாசிப்பேன் என்று தெரிந்ததும் சேட் என்னை இந்த மேஜைக்கு மாற்றிவிட்டார். சரி, இதுவும் கணக்குதான்.

பாரம் எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் எட்டோ பதினாறோ பக்கம் கிடைக்கும். அடுக்கும்போது பைண்டர் குழம்பக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் ஒரு சின்ன எண்ணைப் போட்டிருப்பார்கள். முகப்பே இல்லாமல் வருகிற புத்தகத்தில் முன்னால் எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். முகப்பு இருந்தாலும் பாடுதான். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருக்கும். அது 1829 ஆகவும் இருக்கலாம், 1889 ஆகவும் இருக்கலாம். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லாமல், காலும் ரகரமும் ஒரே மாதிரி இருந்தால் முந்தைய விரோதியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் காகிதத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். கந்தலில் செய்த பழைய காகிதம் இருநூறு வருஷம் கழித்தும் மடங்கும். மரக்கூழில் செய்த பிற்காலக் காகிதம் மடித்தால் ஒடிகிறது. பாட்டன் காலத்துப் புத்தகத்தைவிடப் பேரன் காலத்துப் புத்தகம் சீக்கிரம் செத்துப்போகிறது.

இந்தத் தொழிலில் நல்ல காசு புத்தகத்திலிருந்து பிரித்த தனித்தாளில் இருக்கிறது. ஆங்கில ஓவியர்களான டேனியல்கள் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட இந்தியக் காட்சிகள் 144. முழுத் தொகுப்பை வாங்குகிற ஆள் எப்போதாவதுதான் வருவார். ஒரு கோவில் கோபுரத்தையோ ஒரு மலைக்கோட்டையையோ ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டுகிறவர்கள் மலபார் ஹில்லில் நிறைய இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 1678 தொடங்கி 1693 வரை வந்த, கேரளச் செடிகொடிகளைப் பற்றிய ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் 12 தொகுதி. அதிலிருந்து உருவிய செடிப் படங்களுக்கும் இதே கதிதான். லத்தீன் எழுத்தோடு மலையாள எழுத்திலும் பெயர் பொறித்திருப்பதால் பார்க்க அழகு, சட்டென்று விற்றுப்போகும்.

முழுப் பிரதியை எங்கள் சேட் உடைக்க மாட்டார். அது அவருக்கு ஒரு விரதம். குறைப் பிரதி என்றால் மட்டும் மனசு இளகிவிடும். "ஏற்கனவே போனதுதானே பாய்" என்பார். அவர் மட்டுமா சொன்னார்? 1921இல் நியூயார்க் வியாபாரி கேப்ரியல் வெல்ஸ் ஐரோப்பாவின் ஆரம்பகால அச்சு நூலான கூட்டன்பர்க் பைபிள் ஒன்றைத் தாள் தாளாகப் பிரித்து, ஒரு முன்னுரைக் கட்டுரை சேர்த்து விற்றபோதும் அது குறைப் பிரதிதான். முழுதாக இருந்ததையும் விட்டுவைக்கவில்லை. பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக எழுதிய ஷாநாமா என்ற காவியச் சுவடியில் 258 ஓவியங்கள். 1959இல் அதை வாங்கிய அமெரிக்கச் செல்வர் ஆர்தர் ஹௌட்டன் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். எஞ்சிய 118 ஓவியங்கள், நவீன ஓவியர் டி கூனிங் வரைந்த ஒரு படத்துக்கு ஈடாக 1994இல் ஈரானுக்குத் திரும்பின. பிரிந்துபோனதில் ஒரே ஒரு தாள் 2011இல் லண்டனில் 74 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஒரு தாளுக்கு அந்த விலை கிடைக்கும் என்று தெரிந்த பிறகு புத்தகத்தை யார் புத்தகமாக வைத்திருப்பார்கள்?

என்னால் முடிந்தது ஒன்றுதான். தனித்தாள் விற்கும்போது எந்த நூல், எந்தத் தொகுதி, எத்தனையாவது படம் என்பதை மவுண்ட் அட்டையின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதிவிடுவேன். பிழைத்திருக்கிற பிரதிகளைக் கணக்கெடுக்கிறவர் யாராவது ஒருநாள் அந்த ஃப்ரேமைத் திருப்பிப் பார்க்கலாம். எழுதாமல் விட்டால் அது வெறும் சுவர்ப்படம்.

ஏனென்றால், ஒன்று அரிது என்று சொல்ல எங்கேயாவது எண்ணிக்கை இருக்க வேண்டும். இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூல், 1578இல் கொல்லத்தில் வந்த தம்பிரான் வணக்கம், 16 பக்கம். தெரிந்த ஒரே பிரதி ஹார்வர்டில் இருக்கிறது. இதைச் சொல்வதற்கு முன் எத்தனை நூலகங்களில் தேடியிருப்பார்கள்! என் மேஜையில் எப்போதும் இருப்பவை, ஜான் மர்டாக் 1865இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சு நூல் பட்டியல், பார்னெட்டும் ஜி.யு.போப்பும் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக 1909இல் போட்ட அட்டவணை, இரண்டின் நகல்களும். அரிய நூல் சேர்க்கிறவர்கள் இவற்றைச் சீந்துவதில்லை. தங்க எழுத்து முதுகு கிடையாது, படம் கிடையாது. என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். இன்னொரு பொக்கிஷம் அரசாங்கம் போட்டது. 1867ஆம் வருஷச் சட்டப்படி அச்சான புத்தகங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டியிருந்தது. பக்கம், விலை, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி என்பதெல்லாம் அதில் உண்டு. வெள்ளைக்காரன் நம்மைக் கண்காணிக்கப் போட்ட பட்டியல் என்றாலும், இன்று நமக்கு அதைவிட்டால் வேறு போக்கில்லை.

போன மழைக்கு முன்னால் மாட்டுங்காவில் ஒரு வீடு. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். "எல்லாத்தையும் எடுத்துண்டு போங்கோ, பில்டர் சாவி கேக்கறான், இல்லேன்னா பழைய பேப்பர் ரத்திக்காரனுக்குத்தான்" என்றார் அந்த மாமி. மர அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை நெடி. மேல் தட்டில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள், வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தவை. இதை நினைத்து எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். உலகம் புத்தகத்தைத் தாளாக உடைக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் தாளைப் புத்தகமாக்கி வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்து விளம்பரம், பாதியில் அறுந்த ஜோக் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும்.

அமெரிக்காவிலிருக்கும் மகன் வீடியோ காலில் வந்தார். அலமாரியில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டும் இருந்தது. "மொத்தமும் வேண்டாம், ஒரே ஒரு ஓலையைக் கொடுத்து அனுப்புங்க, ஃப்ரேம் பண்ணி மாட்டிக்கறேன்" என்றார். எழுபத்தைந்து வருஷம் தாண்டிய, மதிப்புள்ள சுவடி 1972 சட்டப்படி தொல்பொருள், ஓர் ஓலையானாலும் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மாமிக்குப் பிடித்திருந்தது.

எனக்கு வேண்டியது கீழ்த்தட்டில் இருந்தது. வேட்டிக் கரையால் கட்டிய ஒரு கட்டு, எல்லாம் குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், சந்தையிலும் தெருவிலும் விற்ற மலிவுப் பாட்டுகள். எட்டு எட்டுப் பக்கம், அட்டையே இல்லாத சாணிக் காகிதம், விலை அரையணா. வெள்ளச் சிந்து, கொலைச் சிந்து, ரயில் கவிழ்ந்த சிந்து. "அது மாமியார் படிச்சது, ரயில்ல வித்தது, அதைப் போயா?" என்றார் மாமி. கெட்டி அட்டைப் புராணத்தை எல்லா வீட்டிலும் பத்திரப்படுத்தினார்கள். இதை வைத்து அடுப்புப் பற்றவைத்தார்கள். அதனால்தான் இது கிடைப்பதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நோட்டீஸையும் நாடக விளம்பரத்தையும்கூட விடாமல் சேர்த்ததன் அருமை, இப்படி ஒரு கட்டை அவிழ்க்கும்போதுதான் உறைக்கும். சில தாள்களில் யாரோ செலோடேப் ஒட்டியிருந்தார்கள். டேப் உதிர்ந்து மஞ்சள் கறை மட்டும் எழுத்தின் மேல் நிற்கிறது. லேமினேஷன் செய்யாமல் விட்டார்களே, அதுவே புண்ணியம்.

கடைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் என்னிடம் இருந்த எந்தப் பட்டியலிலும் இல்லை. சேட் கட்டைப் புரட்டிவிட்டு, முகப்பில் மரக்கட்டைப் படம் உள்ள நாலைந்தை மட்டும் தனியே எடுத்து வைத்தார். எதற்கு என்று தெரியும். கட்டாக இருந்தால்தான் ஒரு வீட்டில் ஒருத்தி எதையெல்லாம் வாங்கிப் படித்தாள் என்று தெரியும், நூலகம் அதற்குத்தான் பணம் தரும் என்றேன். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். ஃப்ரேம் செலவு, பொடியாகிற காகிதம், தமிழ் எழுத்தை மும்பையில் எவன் மாட்டுவான் என்ற சந்தேகம் எல்லாம் சேர்ந்து என் பக்கம் சாய்ந்தன. கட்டு முழுதாகவே ஒரு நூலகத்துக்குப் போனது, என் பட்டியலோடு. லாபம் சொற்பம். சேட் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், சயானில் இன்னொரு வீடு காலியாகிறதாம், பென்சிலை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார்.