மாரி மழையும் கோழிக்கூடும்

மார்கழியில் மட்டக்களப்பில் வாடைக்காற்றும் விடாத மழையும் சேர்ந்துவிட்டால், கோழி வளர்ப்பவர்கள் பலர் கூட்டைச் சுற்றிப் படங்கை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். குளிரை விட அந்த அடைப்பே குஞ்சுகளுக்குக் கேடு என்பது என் கருத்து. மூச்சிலும் எச்சத்திலும் இருந்து எழும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தரையில் பரப்பிய உமி நனைந்து கட்டிபட, கண்ணை எரிக்கும் அமோனியா நெடி கிளம்பும்; இரத்தக் கழிச்சலும் அந்த ஈரத்தில்தான் பரவும். காற்று குஞ்சுகளின் மேல் நேரே படாதவாறு, கூரையை ஒட்டி நான்கு விரல் அகலமாவது திறந்திருக்க வேண்டும்.

கனடாவின் கியூபெக்கில், ஓகா மடத்துத் துறவி ஒருவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய சாண்டெக்ளேர் என்ற கோழி இனத்துக்குக் கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை; உறைபனி முதலில் தாக்குவது அவற்றைத்தான். அங்கும் கூட்டின் மேற்புறம் காற்றுவழி விடுகிறார்கள். (நம் சித்திரை வெயிலில் அந்தக் கோழி பாவம்.)

அடைக்கோழி 21 நாள் காத்துப் பொரித்த குஞ்சுகளை அதன் சிறகே பார்த்துக்கொள்ளும். இன்குபேட்டரில் பொரித்தவற்றுக்கோ முதல் வாரம் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைக்கலாம். வெப்பமானியை விட நான் குஞ்சுகளையே நம்புகிறேன்: மின்குமிழின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கத்தினால் குளிர்கிறது; வாயைத் திறந்து, சிறகை விரித்து விலகிப் படுத்தால் குமிழைச் சற்று உயர்த்த வேண்டும்.