சூடானால் 5, இப்போது 18: ரிலீஃப் வால்வு சீட்டோடு ஒரு மல்லுக்கட்டு

சில நாள் முன்பு ஒரு சாயங்காலம் 40 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். இன்ஜின் நன்றாகக் கொதித்திருந்தது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, ஆயில் பிரஷர் முள் 18-இல் நின்றது. இரண்டு மாதமாக இதே முள், இதே சூட்டில் 5-ஐத் தாண்டியதில்லை. அணைக்க மனமே வரவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி 1967 எம்.ஜி.பி., பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து மெயின் பேரிங் (கிராங்க் தண்டைத் தாங்குபவை) உள்ள 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். ஐடிலிங்கில் 10 முதல் 25 பிஎஸ்ஐ (சதுர இன்சுக்கு இத்தனை பவுண்டு), ஓட்டத்தில் 50 முதல் 80 என்பது ஒர்க்‌ஷாப் கையேட்டின் கணக்கு. என் வண்டி குளிரில் 75 காட்டும். சூடான பிறகு 3000 ஆர்பிஎம்மில் 50-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் சிக்னலில் நின்றால் போதும், முள் தரைதட்டிவிடும்.

பார்த்த எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பேரிங் போச்சு, கிராங்கை இறக்கு." எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பேரிங் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஓட்டத்திலும் பிரஷர் படுத்திருக்க வேண்டும். சூட்டில் சட்டென்று ரேஸ் கொடுத்தால் அடியிலிருந்து ஒரு தட்டல் வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பம்ப் தள்ளுவது ஆயிலின் அளவைத்தான். வெளியே போகிற வழிகள் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பிரஷர் எழும். ஐடிலிங்கில் பம்ப் தள்ளுவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு பங்கு ஏதோ ஓர் ஓட்டை வழியாக வெட்டியாகப் போனால் முள் விழுந்துவிடும். ஆர்பிஎம் ஏறினால் பம்ப் அந்த ஓட்டையையும் மீறித் தள்ளிவிடும். ஆகவே நான் தேடியது ஓர் ஓட்டையை.

முதலில் கேஜையே நம்பவில்லை. பிளாக்கில் கேஜ் குழாய் சேரும் இடத்தில் தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டில் இருப்பதற்கும் அதற்கும் 2 பிஎஸ்ஐதான் வித்தியாசம். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை இல்லை, அதாவது ஆயில் பெட்ரோல் கலந்து நீர்த்துப்போகவில்லை. 20டபிள்யூ-50 ஆயில் புதிதாக மாற்றினேன், ஃபில்டரும் மாற்றினேன். 5 அப்படியே 5.

அடுத்து ரிலீஃப் வால்வு. பிரஷர் மிஞ்சினால் திறந்து ஆயிலைச் சம்புக்கு (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) திருப்பிவிடும் வால்வு. இங்கேதான் மூன்று வாரக் கடைசிகள் வீணாகப் போயின. பிளாக்கின் இடது பின்மூலையில், கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் கீழே ஒளிந்திருக்கிற குமிழ் நட்டை பி-சீரிஸ்காரர்கள் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்பானர் போட்டால் ஒரு பல் அளவுக்குத்தான் திரும்பும். கழற்றியதும் ஸ்பிரிங் வந்துவிட்டது, பிளஞ்சர் (கூம்பு முனையால் வழியை மூடும் உருளை) வரவில்லை. காந்தம் வைத்துப் பார்த்தேன், நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு மரக்குச்சியைக் கூராகச் சீவி, பிளஞ்சரின் குழிக்குள் அழுத்தித் திருகி இழுத்தேன். அப்படியே வந்துவிட்டது. குச்சி ஈரமில்லாமல் காய்ந்ததாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

பழைய ஸ்பிரிங்கின் நீளம் 74 மில்லிமீட்டர். கையேட்டில் இருப்பது 3 இன்ச், அதாவது 76. ஆகா, இதுதான் என்று புது ஸ்பிரிங் வரவழைத்தேன். வந்தது 73! பழசைவிடக் குட்டை. வேறொருவரிடம் வாங்கியது 76.5, ஆனால் கம்பி மெலிசு. மூன்றாவதாக வந்ததுதான் நீளத்திலும் விறைப்பிலும் சரியாக இருந்தது. மறு தயாரிப்பு பாகங்கள் விற்பவர்கள் பொட்டலத்தின் மேல் ஸ்பிரிங்கின் நீளத்தையும் எத்தனை பவுண்டு அழுத்தத்துக்கு எவ்வளவு சுருங்கும் என்பதையும் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு வெர்னியர் காலிப்பர் இல்லாதவர் அந்த 73-ஐ அப்படியே மாட்டிவிட்டு இன்ஜினைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.

புது ஸ்பிரிங், அதன் அடியில் ஒரு வாஷரும் சேர்த்து மாட்டினேன். குளிரில் முள் 85-க்குப் போனது. சூட்டில் ஐடிலிங்? அதே 5. யோசித்தால் அது நியாயம்தான். ஸ்பிரிங் தீர்மானிப்பது உச்சவரம்பை மட்டும். 70-ஐ ஒட்டித் திறக்க வேண்டிய வால்வு 5 பிஎஸ்ஐயில் மூடித்தான் இருக்கும், அதற்கு மேல் எவ்வளவு இறுக்கமான ஸ்பிரிங் போட்டாலும் மூடிய கதவை இன்னும் மூட முடியாது. கதவு சரியாகப் பொருந்தி மூடுகிறதா என்பதுதான் கேள்வி. வாஷரைத் தூக்கிப் போட்டேன். வாஷர் வைத்து ஐடிலிங் பிரஷரை ஏற்றியதாகச் சொல்பவர்கள் இன்ஜின் சூடாகும் முன்பே கேஜைப் பார்த்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

பிளஞ்சரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூம்பு முனையில் சீட்டில் (பிளஞ்சர் அழுந்தி மூடும் துளை விளிம்பு) உட்காரும் வளையம் பளபளவென்று தெரிந்தது, ஆனால் முழு வட்டமாக இல்லை. மூன்றில் ஒரு பங்கு மங்கலாகச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பிரஷ்யன் ப்ளூவை (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீலச் சாயம்) விரலால் மெல்லிசாகத் தடவி, உள்ளே விட்டு அழுத்தி ஒரு சின்னத் திருப்பு. வெளியே எடுத்தால் நீலம் அழிந்திருந்தது மூன்றில் இரண்டு பங்கில் மட்டும். அந்த மிச்ச இடத்தின் வழியாகத்தான் என் ஆயில் நேராக சம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மெல்லிய பிறை வடிவ இடைவெளி, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சூடான ஆயிலுக்கு அது வாசல்.

புது பிளஞ்சரும் வாங்கி வைத்திருந்தேன். அதை விட்டுப் பார்த்தால் துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. பழசே மேல் என்று முடிவு செய்து, அதையே சீட்டோடு தேய்த்துப் பொருத்துவது என்று இறங்கினேன்.

இதற்கென்றே 18ஜி 69 என்ற எண்ணில் ஒரு கருவி அந்தக் காலத்தில் இருந்தது. எனக்குக் கிடைக்கவில்லை, செய்துகொண்டேன். நீளமான ஒரு போல்ட், அதில் ஒரு துண்டு ரப்பர் குழாய், இரு பக்கமும் வாஷர், மேலே நட்டு. பிளஞ்சரின் குழிக்குள் ரப்பரை விட்டு நட்டை இறுக்கினால் ரப்பர் பிதுங்கிப் பிளஞ்சரைக் கவ்விக்கொள்ளும். பிளஞ்சரின் உடம்பே துளைக்குள் வழிகாட்டுவதால் கருவி நேராக நிற்கிறதா என்று கவலைப்பட வேண்டாம். போல்ட்டின் தலையில் ஒரு குறுக்குக் கைப்பிடி வைத்தேன். இரண்டாவது ரப்பர் துண்டில்தான் பிடிப்பு சரியாக அமைந்தது. முதலாவது மிகவும் மென்மை, தேய்க்கும் பேஸ்ட்டில் பிளஞ்சர் நின்றுவிடும், போல்ட் மட்டும் சுற்றும்.

தேய்ப்பதைவிட எனக்குப் பயம் பேஸ்ட்டைப் பற்றி. அந்தச் சீட்டுக்கு அப்பால் இருப்பது பம்ப்பிலிருந்து வரும் பிரஷர் பாதை. அதற்குள் ஒரு பொட்டு பேஸ்ட் போனாலும் நல்லதல்ல. பாதை ஆயில் கூலர், ஃபில்டர் எல்லாம் கடந்துதான் மெயின் கேலரிக்கு (பேரிங்குகளுக்கு ஆயில் பிரியும் முக்கியக் குழாய்வழி) போகிறது என்றாலும், குளிரில் ஃபில்டரின் பைபாஸ் திறந்தால் வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும். ஆகவே கிரீஸில் நனைத்த துணித்திரி ஒன்றை நூல் கட்டிச் சீட்டுத் துளைக்குள் அடைத்தேன். நூலின் மறுமுனையைத் துளையின் நடுவழியாக வெளியே கொண்டுவந்தால் பிளஞ்சர் இறங்காது, அதனால் திரியை ஆழமாகத் தள்ளி, நூலையும் உள்ளேயே சுருட்டி வைத்து, பிறகு கொக்கிக் கம்பியால் எடுத்தேன். கம்பியை முதலிலேயே வளைத்துப் பழகிப் பார்த்துக்கொண்டது நல்லதாயிற்று.

பேஸ்ட் மிக நைஸான ரகம், அதையும் கிரீஸோடு குழைத்துக் கெட்டியாக்கினேன். கூம்பில் நான்கு புள்ளி மட்டும். பக்கவாட்டில் ஒரு துளி பட்டாலும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன், ஏனென்றால் பக்கத்தில் பட்டால் அது துளையைத் தேய்த்து அகலமாக்கும், அப்புறம் திரும்ப வழியில்லை. கால் திருப்பு இப்படி, கால் திருப்பு அப்படி, பத்து தடவை. பிறகு தூக்கி, வேறு கோணத்தில் இறக்கி, மறுபடி பத்து. அழுத்தம் விரல் கனம் அளவுக்குத்தான். ஆரம்பத்தில் கரகரவென்று கேட்ட சத்தம் நான்காவது சுற்றில் மெத்தென்று மாறியது. துடைத்துவிட்டு நீலம் போட்டுப் பார்த்தேன், முக்கால் வட்டம். மறுபடி. ஆறாவது முறை நீலத்தில் முழு வட்டம் விழுந்தது, தலைமுடி அகலத்தில், எங்கும் அறுபடாமல். அந்த வட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தை எழுத்தில் வைக்க முடியாது. ஒன்றரை மணி நேர வேலை, ஒரு புள்ளிகூட விடுபடவில்லை.

சுத்தம் செய்தது அதற்கும் மேலே நேரம் பிடித்தது. திரியை எடுத்தேன், மண்ணெண்ணெயை ஊசிக்குழாயில் ஏற்றிப் பீச்சினேன், துணியால் துடைத்துத் துடைத்து வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, குமிழ் நட்டு இல்லாமல், துளைக்குக் கீழே ஒரு டப்பாவைப் பிடித்து ஸ்டார்ட்டரைப் பத்து விநாடி சுற்றவிட்டேன். பம்ப்பே பாதையைக் கழுவி வெளியே துப்பிவிடும். இதை ஒருவர் தனியாகச் செய்ய வேண்டாம், டப்பா பிடிக்க ஓர் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் முழுக்க ஆயில்தான். மறுபடி ஆயில் மாற்றம், மறுபடி புது ஃபில்டர். அண்மையில்தான் போட்ட ஆயிலைக் கொட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை.

மினி காரின் இன்ஜின் வைத்திருப்பவர்கள் பிளஞ்சருக்குப் பதிலாக ஓர் எஃகு உருண்டையைப் போடுவதுண்டு. உருண்டைக்குக் கோணல் கிடையாது, எந்தப் பக்கம் உருண்டாலும் உட்காரும். யோசனை நல்லதுதான், ஆனால் என்னிடம் நல்ல பிளஞ்சர் இருக்கும்போது நான் மாற்ற விரும்பவில்லை.

இப்போதைய கணக்கு: குளிரில் 72, சூட்டில் 3000-இல் 56, ஐடிலிங்கில் 18. ஆனால் ஒன்று இருக்கிறது. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டிய பிறகு ஐடிலிங் 13-க்கு இறங்கியது. கையேட்டு வரம்புக்குள்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஓட்டை அடைபட்டுவிட்டது, இனி மிச்சமிருப்பது உண்மையான தேய்மானம். சம்பை இறக்குவதாக இருக்கிறேன். பம்ப்பைத் திறந்து மூன்று அளவு எடுக்க வேண்டும்: ரோட்டரின் மேல் இடைவெளி 0.005 இன்சுக்குள், ரோட்டர் பல்லுக்குப் பல் 0.006-க்குள், வெளி ரோட்டருக்கும் உடம்புக்கும் 0.010-க்குள். கையோடு பிக் எண்டு ஷெல்களையும் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்குகள்) ஒவ்வொன்றாகக் கழற்றி பிளாஸ்டிகேஜ் (இடைவெளியை அளக்க உதவும் மென்மையான இழை) நசுக்கிப் பார்த்துவிடலாம். பிளாஸ்டிகேஜ் பச்சை நிறத்தது வந்துவிட்டது. சம்ப் கேஸ்கெட்டும் மெயின் கேப்புக்கான கார்க் சீல்களும் வந்திருக்கின்றன, ஆனால் கார்க் காய்ந்து அப்பளம் மாதிரி ஒடிகிறது. அனுப்பியவரிடம் வேறு கேட்டிருக்கிறேன். அது வரும்வரை தினமும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சூட்டில் ஐடிலிங் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.