வாக்கர் போகிற வழி

மார்ச் 3
அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து இங்கேதான் வரப்போகிறார், வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். அக்கா ஃபோனில் சொன்ன முதல் விஷயம்: "தரையில ஒண்ணும் இருக்கக் கூடாதுடி. வாக்கர் போற வழி காலியா இருக்கணும்." ஹாலிலிருந்து குளியலறை வரை நடந்து பார்த்தேன். சார்ஜர் ஒயர், ஓரம் சுருண்ட மிதியடி, பேப்பர் கட்டு, அப்புறம் அந்த நாற்காலி.

மார்ச் 4
துவைத்ததும் இல்லை, அழுக்கும் இல்லை என்று ஒரு ரகத் துணி இருக்கிறதே, அதற்கு வீட்டில் இடமே கிடையாது. அலமாரியில் வைக்க மனசு வராது, அழுக்குக் கூடையில் போடவும் வராது. எல்லாம் நாற்காலிக்குப் போகிறது. கதவுக்குப் பின்னால் வரிசையாகக் கொக்கி அடித்தால் போதும். வேண்டாததைத் தூக்கிப் போடு என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். என் வீட்டில் வேண்டாதது கொஞ்சம்தான், இடம் இல்லாததுதான் நிறைய.

மார்ச் 6
அப்பாவை வீட்டுக்கு அனுப்ப டாக்டர் இன்னும் தேதி சொல்லவில்லை. ஒரு வேலையும் ஓடவில்லை.

மார்ச் 7
தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சாம். ஆபரேஷனுக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார் அவர். வீடு கூட்டுவதைப் பற்றி அவர் பேசவே இல்லை! லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவாக 66. அப்பா அதற்கு முன்னாலேயே வந்துவிடுவார். ஆனால் அதிலேயே ஒன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லையாம். இதைப் படித்த பிறகுதான் கண் அசந்தது.

மார்ச் 10
மணி பார்த்துச் செய்தால் மறக்கிறது. ஏற்கெனவே செய்கிற வேலையின் வாலில் கட்டிவிட்டால் தானாக வருகிறது. அடுப்பை அணைத்ததும் மேடை துடைப்பது. வாசல் பூட்டியதும் ஹால் தரையில் கிடப்பதைப் பொறுக்குவது. பூட்டாமல் படுக்க மாட்டேன், அதனால் தப்புவதில்லை.

மார்ச் 12
குளியலறை. தரை காயவே மாட்டேன் என்கிறது. கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். இவர் டைல்ஸ் கறைக்கு ப்ளீச்சோடு ஆசிடும் சேர்த்து ஊற்றக் கிளம்பினார். கத்திவிட்டேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சையே அடைக்கும்.

மார்ச் 13
அப்பா வருவது வியாழக்கிழமையாம்!

மார்ச் 15
சின்னவனுடைய பை மறுபடி ஹால் நடுவில். திட்டினேன், அழுதான், எனக்கும் அழுகை. பிறகு யோசித்தால், பைக்கு நான் ஒதுக்கிய இடம் உள் அறையில். செருப்பைக் கழற்றுகிற இடத்தில்தான் அது தோளிலிருந்து விழுகிறது. அங்கேயே அவன் உயரத்துக்கு ஒரு கொக்கி. சாயங்காலம் சொல்லாமலே மாட்டினான்.

மார்ச் 16
நாற்காலியில் ஒரு துண்டு. யாருடையது?

மார்ச் 18
ஒயரெல்லாம் சுவரோரம் ஒட்டியாகிவிட்டது. மிதியடி போயே போச்சு, அக்கா என்ன சொன்னாலும் திரும்ப விரிக்கப் போவதில்லை. ராத்திரி எழுந்தால் வழி தெரிய ஒரு சின்ன பல்பு போடலாம் என்றால் பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. கட்டிலை நகர்த்த ஆள் வேண்டும். இவர் வர எட்டு மணி ஆகும்.